குழாய்கள் திறக்கும் வாசல்கள்: தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளைத் தொற்றிலிருந்து காப்பது

நிமோனியாவுக்காகவோ, இதய அறுவை சிகிச்சைக்காகவோ, குறைமாதத்தில் பிறந்ததாலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தை தேறிவருகிறது என்று வீட்டார் சற்றே மூச்சுவிடும் வேளையில், மறுபடியும் காய்ச்சல் கண்டிருக்கிறது, ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்று மருத்துவர் வந்து சொன்னால், எந்தத் தாயும் தகப்பனும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வரும்போது இல்லாத கிருமி இங்கே வந்த பிறகு எப்படி வந்தது? நியாயமான கேள்வி இது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், உயிரைக் காக்கும் அந்தச் சிகிச்சை குழந்தையின் உடலில் என்ன மாற்றங்களைச் செய்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நலமாக இருக்கும் உடல் கிருமிகளை வெளியே நிறுத்திவைப்பது பெரும்பாலும் மிகச் சாதாரணமான தடைகளால்தான். தோல் ஒரு தடை. மூச்சுக்குழலின் உட்புறத்தில் இருக்கும் நுண்மயிர்கள் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமல் அதை வெளியேற்றுகிறது. இரைப்பையின் அமிலம், விழுங்கிய கிருமிகளில் பலவற்றைக் கொன்றுவிடுகிறது. சிறுநீர் வெளியேறும்போதே தன் பாதையைக் கழுவிக்கொண்டு போகிறது. தீவிர சிகிச்சையில் பயன்படும் கருவிகள் ஒவ்வொன்றும் இந்தத் தடைகளில் ஏதேனும் ஒன்றைத் தாண்டித்தான் உள்ளே செல்ல முடியும். இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் சென்ட்ரல் லைன் தோலைத் துளைத்து நேராக ரத்தத்துக்குப் போகிறது. வென்டிலேட்டரோடு இணைக்கப்பட்ட சுவாசக் குழாய், நுண்மயிர்களையும் இருமலையும் ஒருசேரச் செயலிழக்கச் செய்கிறது. சிறுநீர்க் கதீட்டர், கழுவிச் செல்லும் ஓட்டத்தை நிறுத்தி, வெளியுலகுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே நிரந்தரமாக ஒரு பாதையைத் திறந்துவைக்கிறது. அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் மருந்தோ இரைப்பையின் காவலைத் தளர்த்துகிறது.

ஆகவே இந்தத் தொற்றுகளை யாரோ ஒருவரின் அசுத்தத்தால் நேர்ந்தவை என்று மட்டும் நினைப்பது பாதி உண்மைதான். சிகிச்சையே வாசலைத் திறக்கிறது. அந்த வாசலைத் திறக்காமல் குழந்தையைப் பிழைக்கவைக்க முடியாது என்பதும் உண்மை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வாசலை யார், எப்படிக் காக்கிறார்கள் என்பதும், எவ்வளவு சீக்கிரம் அதை மூடுகிறார்கள் என்பதும்தான். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வெளிப்படும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனையில் ஏற்பட்ட தொற்று என்று கணக்கில் கொள்வது வழக்கம். கருவிகளோடு தொடர்புடைய தொற்றுகள் அதற்குள் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

குழாயில் ஒட்டும் கிருமி தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் படிந்து, தானே சுரக்கும் பசைபோன்ற பொருளால் தன்னைப் போர்த்திக்கொண்டு ஒரு படலமாக வளர்கிறது. உயிர்ப்படலம் என்று சொல்லப்படும் இந்தப் போர்வைக்குள் இருக்கும் கிருமியை ரத்தத்தில் ஓடும் ஆன்டிபயாடிக்கால் எளிதில் அழிக்க முடிவதில்லை. வெள்ளணுக்களும் உள்ளே நுழையத் திணறுகின்றன. குழாயை எடுத்தால்தான் தொற்று தீரும் என்று மருத்துவர்கள் பல நேரங்களில் முடிவெடுப்பதற்குக் காரணம் இதுதான்; கேண்டிடா போன்ற பூஞ்சைத் தொற்றில் குழாயை அப்படியே விட்டுவைப்பது பெரும் ஆபத்து.

குழந்தைகள் இதில் பெரியவர்களின் சிறிய வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. நோயை எதிர்க்கும் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குச் செல்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தை அந்தச் சீதனத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளாமலேயே வெளியே வந்துவிடுகிறது. அதன் தோலின் மேலடுக்கு முதிர்வதற்குப் பிறந்த பிறகும் சில வாரங்கள் ஆகின்றன. பிளாஸ்டரைப் பிய்த்தெடுக்கும்போதே அந்தத் தோல் உரிந்துவிடலாம், உரிந்த இடம் இன்னொரு வாசலாகிவிடலாம். சற்றே வளர்ந்த குழந்தைகளுக்கு வேறு சிக்கல்கள் உண்டு. ரத்தக் குழாய்கள் மெல்லியவை என்பதால் ஊசி போடுவதே பெரும்பாடு. அதனால் கிடைத்த லைனை எளிதில் எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரே குழாய் வழியாக மருந்தும் ஊட்டமும் ரத்தமும் செல்ல வேண்டியிருக்கிறது; பரிசோதனைக்கான ரத்தமும் பல நேரங்களில் அதன் வழியாகவே எடுக்கப்படுகிறது. குழாயை எத்தனை முறை திறக்கிறோமோ அத்தனை முறை கிருமிக்கு வழி கிடைக்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி குழந்தையின் சொந்தத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் வருகிறது. இன்னொரு பகுதி பக்கத்துப் படுக்கையிலிருந்து, கதவின் கைப்பிடியிலிருந்து, மானிட்டரின் பொத்தானிலிருந்து, ஸ்டெதஸ்கோப்பிலிருந்து வருகிறது. வருவதற்கு அது தேர்ந்தெடுக்கும் வாகனம் பெரும்பாலும் மனிதக் கைதான். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்து வந்த மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தபோது, பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறப்பது ஏப்ரல் மாதத்தில் 18 சதவீதமாக இருந்து, அடுத்துவந்த சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமிக் கோட்பாடு நிலைபெறுவதற்கு முன்பே கிடைத்த சான்று இது. ஆனால் அதன் பிறகு 150 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், உலக சுகாதார நிறுவனம் 2009இல் தன் வழிகாட்டியைத் தொகுத்தபோது, பல ஆய்வுகளில் கண்ட கைச்சுத்தக் கடைப்பிடிப்பின் சராசரி 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதை ஊழியர்களின் அலட்சியம் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்குக் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் ஒரு மணி நேரத்தில் 20 வரை வரக்கூடும். சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடிகள் ஆகும். தொட்டிக்குப் போய்வரும் நேரத்தைச் சேர்க்காமலேயே, ஒவ்வொரு மணி நேரத்திலும் ஏறத்தாழ 13 முதல் 20 நிமிடம் கைகழுவுவதற்கே போய்விடும். மூச்சுத் திணறும் குழந்தையை விட்டுவிட்டு எவராலும் இதைச் செய்ய இயலாது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம் படுக்கையருகிலேயே வைக்கப்பட்டால், 20 முதல் 30 நொடிகளில், நின்ற இடத்திலேயே வேலை முடிகிறது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு 1994 முதல் 1997 வரை இதைத்தான் பெரிய அளவில் செய்து காட்டியது. கடைப்பிடிப்பு 48 சதவீதத்திலிருந்து 66 ஆக உயர்ந்தது, மருத்துவமனைத் தொற்றுகளும் கணிசமாகக் குறைந்தன. புத்தி சொல்வதைவிடப் புட்டியை எட்டும் தூரத்தில் வைப்பதே பலன் தந்தது என்பதை நிர்வாகங்கள் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கைத்திரவத்துக்கும் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ கையில் பட்டிருந்தால் சோப்பும் நீரும்தான் வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. கையுறை அணிந்துவிட்டால் கைகழுவ வேண்டியதில்லை என்ற நினைப்பு இதைவிடவும் ஆபத்தானது. குழந்தையின் டயாப்பரை மாற்றிய கையுறையோடு லைனின் மூடியைத் தொடும் கை, வெறுங்கையைவிட எந்த வகையிலும் தூய்மையானதல்ல. மோதிரம், வளையல், நீண்ட நகம், செயற்கை நகம் ஆகியவற்றுக்குப் பிரிவுக்குள் இடமில்லை என்ற விதியும் வெறும் ஒழுங்குக்காக வந்ததல்ல. பிறந்த குழந்தைகளின் பிரிவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று பரவியபோது, ஊழியரின் நீண்ட நகங்களும் செயற்கை நகங்களும் அதற்குத் துணைபோயிருக்கலாம் என்று விசாரணைகள் சுட்டிய அனுபவத்திலிருந்து வந்தது.

சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் ஏற்படும் தொற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தடுக்க முடியாதது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டு, தடுக்க முடியும் என்று நிறுவப்பட்ட தொற்று இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு ஐந்து எளிய செயல்களை நடைமுறைப்படுத்தியது: லைன் போடும் முன் கைகழுவுதல், நோயாளியை முழுவதுமாகத் தூய விரிப்பால் மூடி, போடுபவர் அங்கியும் முகக்கவசமும் தொப்பியும் கையுறையும் அணிதல், குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடையிடுக்குச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்துவிடுதல். இதில் ஒன்றைத் தவறவிட்டால் மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, 1000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது.

அந்தப் பட்டியலை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்தியபோதுதான் ஒரு வேறுபாடு புலப்பட்டது. 29 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து நடத்தி 2010இல் வெளியிட்ட கூட்டுமுயற்சியில், தொற்று 1000 குழாய் நாட்களுக்கு 5.4இலிருந்து 3.1 ஆக, அதாவது 43 சதவீதம் குறைந்தது. ஆனால் எந்தச் செயல் இந்தக் குறைவுக்குக் காரணமாக இருந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, லைன் போடும் நாளின் ஒழுங்கைவிட, போட்ட பின் நாள்தோறும் அதைப் பராமரிக்கும் ஒழுங்கே தீர்மானித்தது என்று தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். மூத்த மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் கவனமாகச் செய்யும் ஒரு செயலைவிட, பெயர் தெரியாத செவிலியர்கள் பகலிலும் நள்ளிரவிலும் நூறு முறை செய்யும் சிறு செயலே குழந்தையைக் காக்கிறது என்பது அதன் பொருள். தொடையிடுக்குச் சிரையைத் தவிர்க்கும் விதியும் குழந்தைகளில் அவ்வளவு கறாரானதல்ல. பெரியவர்களில் கண்ட கூடுதல் தொற்று அபாயம் குழந்தைகளில் அதே அளவுக்குத் தென்படவில்லை.

அந்தச் சிறு செயல் என்ன? மருந்து செலுத்தும் முன் லைனின் இணைப்பு மூடியை ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்சிடின் துணியால் அழுத்தித் தேய்த்து, 15 நொடி அளவு நேரம் கொடுத்து, அது தானாக உலரும் வரை காத்திருப்பது. உலர்வதற்குள் ஊசிக்குழலைச் சொருகிவிட்டால் தேய்த்ததன் பயன் பாதியாகிவிடும். லைன் நுழையும் இடத்தை மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாளை வாரம் ஒருமுறை மாற்றுவதும், துணிக் கட்டாக இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும், அழுக்கானாலோ விளிம்பு பிரிந்தாலோ உடனே மாற்றுவதும் இதில் அடங்கும்; குட்டிக் குழந்தையில் லைன் இடம்பெயர்ந்துவிடும் அபாயம் பெரிதாக இருந்தால் வழக்கமான மாற்றத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. ஊட்டமாகத் தரப்படும் கொழுப்புக் கலவை செல்லும் குழாய்த் தொகுதியை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனெனில் அது கிருமிக்கும் நல்ல உணவு. ரத்தப் பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே நேரத்தில் எடுத்தால் லைனைத் திறக்கும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒரு குழந்தைக்குத் திறந்த உப்புநீர்ப் புட்டியை அடுத்த குழந்தைக்குப் பயன்படுத்துவது கூடவே கூடாது. ஒரே புட்டியிலிருந்து வரிசையாகப் பல குழந்தைகளுக்குத் தொற்று பரவிய துயரங்கள் பிறந்த குழந்தைகள் பிரிவுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

குளோர்ஹெக்சிடின் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை நாள்தோறும் அதில் நனைத்த துணியால் துடைத்தால் ரத்தத் தொற்று குறையுமா என்று ஐந்து மருத்துவமனைகளின் 10 பிரிவுகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், துடைப்புக்கென ஒதுக்கப்பட்ட அனைவரையும், அதைப் பெறாதவர்கள் உட்பட, கணக்கில் எடுத்தபோது கண்ட குறைவு புள்ளியியல் உறுதியைத் தொடவில்லை. உண்மையில் துடைப்பைப் பெற்ற குழந்தைகளை மட்டும் பார்த்தபோது 36 சதவீதக் குறைவு தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனாலும் முற்றுப்புள்ளி வைக்கும் முடிவல்ல. மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தோலை அதே திரவம் தீப்புண்போல் புண்ணாக்கிவிடக் கூடும் என்பதால், அங்கே எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு துளி, எப்போது துடைத்தெடுப்பது என்பதெல்லாம் அளந்து செய்ய வேண்டியவை.

சுவாசக் குழாய்க்கு வருவோம். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்குள் கிருமி போவது பெரும்பாலும் காற்றின் வழியாக அல்ல. வாயிலும் தொண்டையிலும் தேங்கும் எச்சில், குழாயைச் சுற்றிக் கசிந்து கீழே இறங்குவதால்தான். வேறு தடை இல்லாவிட்டால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திவைப்பது இந்தக் கசிவையும், வயிற்றிலிருந்து பால் மேலேறி வருவதையும் குறைக்கும். குழாய்களில் சேரும் நீராவித் துளிகள் குழந்தையின் பக்கம் வழிந்துவிடாமல் எதிர்ப்பக்கம் வடித்தெடுக்கப்பட வேண்டும். குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கு முன் இதைச் செய்வது நல்ல பழக்கம். வென்டிலேட்டர் குழாய்த் தொகுதியை நாள் கணக்கு வைத்து மாற்றுவது ஒருகாலத்தில் தூய்மையின் அடையாளமாக எண்ணப்பட்டது. இப்போது அழுக்கானாலோ பழுதானாலோ மட்டும் மாற்றினால் போதும் என்றாகிவிட்டது, ஏனெனில் தேவையின்றித் திறப்பதே தீங்கு. வாய்ச் சுத்தத்திலும் கருத்து மாறியிருக்கிறது. வாயில் குளோர்ஹெக்சிடின் தடவுவது பல ஆண்டுகள் பரிந்துரையில் இருந்தது. குழந்தைகளில் அதனால் தெளிவான நன்மை காணப்படாததாலும், பெரியவர்களில் அது தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயம் எழுந்ததாலும், பல் முளைத்த குழந்தைக்கு மென்மையாகப் பல் துலக்குவதும், முளைக்காத குழந்தையின் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைப்பதும் போதுமென்ற நிலைக்குத் துறை நகர்ந்திருக்கிறது.

இவை அனைத்தையும்விடப் பயனுள்ளது, குழாயே இல்லாமல் மூச்சைத் தாங்க முடியுமா என்று முதலில் பார்ப்பது. மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் முறை, பல குழந்தைகளைக் குழாயிலிருந்து காப்பாற்றுகிறது. குழாய் போட்டே ஆக வேண்டுமென்றால், மயக்க மருந்தின் அளவையும், தானாக மூச்சுவிடும் திறனையும் ஒவ்வொரு நாளும் சோதித்து, முதல் வாய்ப்பிலேயே எடுத்துவிட வேண்டும். சிறுநீர்க் கதீட்டருக்கும் இதே விதிதான்: பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல், இணைப்பு திறக்கப்படாமல் இருக்க வேண்டும், சிறுநீர் அளவை டயாப்பரை எடைபோட்டே அறிந்துகொள்ள முடியும் என்ற நிலை வந்தவுடன் கதீட்டர் வெளியே வந்துவிட வேண்டும்.

தொற்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழும். இது இரண்டு வகையில் எதிர்விளைவைத் தரும். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; பிறகு குழந்தைக்கு வரும் தொற்று அவற்றால்தான் வரும், அப்போது கையில் இருக்கும் மருந்து பலிக்காது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கை நாட்கணக்கில் தொடர்வதற்கும், குடல் அழுகல் நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுவதும் ஏற்படும் கடும் பாதிப்பு, என்ற ஐயம் வந்தால் தயங்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும், ஆனால் தொடங்கும் முன் போதிய அளவு ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும், 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முடிவைப் பார்த்து, தேவையில்லை என்றால் நிறுத்தும் துணிவும் வேண்டும். தொடங்குவதற்குத் தேவைப்படும் வேகத்தைவிட நிறுத்துவதற்குத் தேவைப்படும் துணிவே மருத்துவர்களிடம் அரிதாக இருக்கிறது. உடல்நலம் குன்றிய குழந்தையின் முன் நிற்கும்போது அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதுதான்.

சுற்றுப்புறத்தில் நாம் எதிர்பாராத ஓரிடம் கைகழுவும் தொட்டியே. 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் வட அயர்லாந்தின் பிறந்த குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் தொற்றால் நான்கு குழந்தைகள் இறந்தன. விசாரணை தண்ணீர்க் குழாய்களை நோக்கி இட்டுச் சென்றது. குழாயின் வாயிலும் தொட்டியின் வடிகால் வளைவிலும் ஈரமும் உயிர்ப்படலமும் சேர்ந்து கிருமிக்கு நிலையான வீடு அமைத்துவிடுகின்றன. வேகமாக நீர் விழும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்திருக்கும் மருந்துத் தட்டில் விழுகின்றன. அதனால்தான் இந்தப் பிரிவுகளில் மிகச் சிறிய குழந்தைகளைத் துடைக்கவும் டயாப்பர் மாற்றவும் கிருமி நீக்கிய நீரைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மருந்து கலக்கும் மேசை தொட்டியிலிருந்து விலகி இருக்க வேண்டும், கைகழுவும் தொட்டியில் மிச்சமான பாலையோ குளுக்கோஸ் நீரையோ கொட்டக் கூடாது என்பவையும் இதே காரணத்தால் வந்த விதிகள்.

சொல்லப்படுவதைவிட அதிகம் மறைக்கப்படும் காரணம் ஒன்று உண்டு: ஆள் பற்றாக்குறை. கவலைக்கிடமான குழந்தைக்கு ஒரு செவிலியர், சற்றுத் தேறிய இரண்டு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் என்பது தீவிர சிகிச்சையின் வழக்கமான கணக்கு. அது மூன்றாகவும் நான்காகவும் மாறும்போது, முதலில் உதிர்வது யாரும் பார்க்காத அந்த 15 நொடிதான். படுக்கைகளுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கும்போதும், ஒரே கருவி இரண்டு குழந்தைகளுக்கு இடையே போய்வரும்போதும் இதுவே நடக்கிறது. கைகழுவும் சுவரொட்டிகளை எத்தனை ஒட்டினாலும், பணிப்பட்டியலில் பெயர்கள் குறைவாக இருக்கும் இரவுகளில் தொற்று கூடத்தான் செய்யும். அதற்கான பொறுப்பை அந்த இரவில் தனியாக ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் சுமத்துவது அநியாயம்.

பெற்றோர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? நெடுங்காலமாக அவர்கள் கிருமி சுமந்து வரும் அந்நியர்களாகவே நடத்தப்பட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. கொலம்பியாவின் பொகொட்டா நகரில் 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமலும் நெரிசலால் தொற்று பெருகியும் தவித்தபோது, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் பிறந்த யோசனை, பிறகு மருத்துவமாகவே நிலைபெற்றது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள 3211 குழந்தைகள் இடம்பெற்றனர். உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 சதவீதம், வழக்கமான முறையில் சீரான பிறகு வைக்கப்பட்டவர்களில் 15.7 சதவீதம். சந்தேகத்துக்குரிய செப்சிஸும் முதல் குழுவில் குறைவாகவே இருந்தது. இதற்காகத் தாயையும் குழந்தையையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்கும் தாய்–சேய் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன.

காரணம் மர்மமானதல்ல. தாயின் தோலில் வாழும் சாதாரண நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் முதலில் குடியேறும்போது, மருத்துவமனையின் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் குறைகிறது. வேற்றுக் கைகள் குழந்தையைத் தொடும் எண்ணிக்கையும் குறைகிறது. தாய்ப்பால் எளிதில் ஊறுகிறது. சீம்பாலில் இருக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் லாக்டோஃபெரின் என்ற புரதமும் குடலின் சுவருக்குக் காவலாக அமைகின்றன. லாக்டோஃபெரினை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கொடுத்தால் போதுமா என்று பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 2200க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பசுவின் லாக்டோஃபெரினைச் சேர்த்துக் கொடுத்தது தொற்றைக் குறைக்கவில்லை. தாய்ப்பாலைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாங்க முடியாது போலும். தவிர, பால்மாவு கிருமியற்றதல்ல. தாய்ப்பாலும் தானப்பாலும் கிடைக்காமல் அதைக் கரைத்தே தீர வேண்டும் என்றால் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, உடனே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பெற்றோரை உள்ளே விடுவது என்றால் எல்லோரையும் எப்போதும் விடுவது என்று பொருளல்ல. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வரும் ஆர்எஸ்வி வைரஸ், பிறவி இதயக் கோளாறு உள்ள கைக்குழந்தையை மீண்டும் வென்டிலேட்டருக்கு அனுப்பிவிடும். அது கையிலும் கட்டில் கம்பியிலும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு, வாயோரத்தில் அக்கிப் புண் இருப்பவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் தேறிய பிறகு வருவதே அன்பு. தட்டம்மை போன்ற, காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கக்கூடிய தொற்றுள்ள குழந்தைக்கு, காற்று வெளியே கசியாத தனியறை தேவை. ஊழியர்களும் வீட்டாரும் இன்ஃபுளுவென்சா, கக்குவான் இருமல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது, தடுப்பூசி போடும் வயதை எட்டாத குழந்தையைச் சுற்றி ஒரு வேலி அமைப்பதற்கு ஒப்பாகும்.

வென்றோமா, தோற்றோமா என்று அறிய எண்ண வேண்டும். ஒரு பிரிவில் ஐந்து ரத்தத் தொற்று, இன்னொன்றில் இரண்டு என்று சொன்னால் எதுவும் விளங்காது. எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை நாள் லைன் இருந்தது என்பதைக் கூட்டி, 1000 குழாய் நாட்களுக்கு எத்தனை என்று வகுத்துச் சொல்ல வேண்டும். 2000 குழாய் நாட்களில் ஐந்து என்றால் 2.5, 500 நாட்களில் இரண்டு என்றால் 4. இப்போது இரண்டு என்று சொன்ன பிரிவே மோசமானது. இந்த எண்ணைப் பணிபுரிபவர்களிடமே மாதந்தோறும் காட்டும் பிரிவுகளில் அது இறங்குகிறது. தண்டனைக்காக எண்ணப்படும் இடங்களில் கல்ச்சர் எடுப்பது குறைந்து, காகிதத்தில் மட்டும் தொற்று மறைகிறது. தொற்று வந்த ஒவ்வொரு முறையும், யார் செய்தது என்று கேட்காமல், லைன் எத்தனை நாளாக இருந்தது, எத்தனை முறை திறந்தோம், எப்போது எடுத்திருக்கலாம் என்று குழுவாக அமர்ந்து பார்க்கும் பிரிவுகளே நீண்ட காலம் நிலைக்கின்றன.

அந்தக் கேள்விகளில் கடைசியானதைப் பெற்றோரும் கேட்கலாம், கேட்க வேண்டும். காலையில் மருத்துவர்கள் படுக்கை படுக்கையாக வரும்போது, "இந்த லைன் இன்னும் தேவைப்படுகிறதா, டாக்டர்?" என்று ஒரு தாய் கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை, ஒழுங்காக நடக்கும் பிரிவுகளில் அது அன்றைய வருகைக் குறிப்பிலேயே இருக்கும் கேள்வி. கையைச் சுத்தம் செய்யாமல் குழந்தையை நெருங்கும் எவரிடமும், "சிஸ்டர், கைக்கு மருந்து போட்டுக்கொள்கிறீர்களா?" என்று நினைவூட்டுவதும் அப்படியே. சுவாசக் குழாய் போன மறுநாள் சிறுநீர்க் கதீட்டர் போகும். பால் முழு அளவை எட்டியதும் ஊட்டக் கலவை நிற்கும். அதோடு சென்ட்ரல் லைனும் எடுக்கப்பட்டு, நுழைந்த இடத்தில் ஒரு சிறு கட்டு மட்டும் இருக்கும். பெரும்பாலும் அன்றுதான் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.